ஒன்பது ரிக்கற்

விடியக்காலை ஐந்து மணிக்கே கொடிகாமத்து மில்லில் செத்தல் மிளகாய் அரைபடத் தொடங்கிவிடும். மூக்கையும் வாயையும் துணியால் எப்படிக் கட்டினாலும் தூள் உள்ளே போகும். தும்மித் தும்மியே தர்சிகாவுக்குப் பதினொரு வருசம் போய்விட்டது.

அன்றைக்குத் தும்மலைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. முந்தநாள், பக்கத்தில் நின்ற பிரசாந்தியின் இரண்டு விரலை மெசின் பெல்ற் இழுத்துக்கொண்டு போயிருந்தது. பெல்ற்றின் மூடி கழன்று ஆறு மாதம். பூட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் உளைந்ததுதான் மிச்சம்.

மில்லும் இரண்டு கடையும் கேதீஸ்வரனுக்குத் தகப்பன் விட்டுப்போன சொத்து. மாகாணசபைக் கதிரை மட்டும் மில்லில் வேலை செய்யும் இந்தப் பெண்கள் வாங்கிக் கொடுத்தது. வீடு வீடாய் நோட்டீஸ் கொடுத்தார்கள். கூட்டம் என்றால் மில்லைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறிக் கைதட்டப் போனார்கள். எங்கடை ஆள் போனால் எங்களுக்கு நல்லது என்று நம்பியதை நினைக்க, தர்சிகாவுக்குத் தன்னையே அறையலாம் போலிருந்தது. முதலாளியை அண்ணை என்று கூப்பிட்டதுதான் கண்ட லாபம்! சபை கலைந்து வருசக்கணக்காகியும் அடுத்த தேர்தலுக்காக மனிசன் வெள்ளை வேட்டியோடேயே திரிந்தார்.

ஆறு மணிக்கு அவரின் ஜீப் வந்து நின்றது.

“தங்கச்சிமார், சாவகச்சேரி ஆசுப்பத்திரியிலை இண்டைக்குப் பொலிஸ் பிரசாந்தியிட்டை வாக்குமூலம் எடுக்கினம். வீட்டுக் கிணத்து மோட்டருக்குள்ளை கை போனதெண்டு சொல்லச் சொல்லியிருக்கிறன். ஆர் கேட்டாலும் நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ. தேர்தல் வருகுது, விளங்குதோ?”

“அவளின்ரை வீட்டிலை மோட்டரே இல்லை அண்ணை,” என்றாள் தர்சிகா. “வாளியாலை அள்ளிறவள்.”

கேதீஸ்வரனின் முகம் கறுத்தது. “அவளை நான் பாப்பன், செலவுக்குக் காசு குடுப்பன்.”

“ஒரு மூடி பூட்டேல்லை. அவளைப் பாக்கப் போறியளோ?”

“வேலைக்கு வேறை ஆளில்லையெண்டோ நினைக்கிறியள்? பிடிக்காதவை போகலாம்!”

இரண்டு பிள்ளைகளோடு தனித்து நிற்கும் குணலட்சுமிதான் முதலில் எழும்பினாள். போய் மெசினை நிறுத்தினாள், முகத்துணியை அவிழ்த்தாள்.

“எழும்புங்கோடி, போவம்.”

ஒவ்வொருத்தியாய் எழும்பினார்கள். ஆரபி மட்டும் பயந்துபோய் வாசலில் நின்றாள். பிறகு ஓடிவந்து ஒன்பதாவது ஆளாய்ச் சேர்ந்துகொண்டாள். நாளைக்குத் தங்களை உள்ளே விடுவாரோ என்று ஒருத்திக்கும் தெரியாது.

சாவகச்சேரி பஸ்சில் ஏறியதும் அவர்களின் உடுப்புத் தூளுக்குப் பஸ்சே தும்மத் தொடங்கியது. கொண்டக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தான்.

“என்ன அக்காமார், கேதீஸ் அண்ணையின்ரை கூட்டமோ? அவர் கணக்கிலை போடட்டோ?”

“இல்லைத் தம்பி,” என்றாள் தர்சிகா. “பிரசாந்தியின்ரை விரல் எங்கை போனதெண்டு பொலிசுக்குச் சொல்லப் போறம். ஒன்பது ரிக்கற் போடு. எங்கடை காசு.”