கயிற்றுக்குள் இரும்பு

தீவு நகரமான நுகுஅலோஃபாவில் புயல் என்றால் ஒரு தெருக்காரர்கள் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு ஓடமாட்டார்கள், கயிற்றுக் கோயிலுக்குத்தான் ஓடுவார்கள். படகு கட்டுகிறவர்கள் எழுப்பிய தேவாலயம் அது. கவிழ்த்த படகு போல் கூரை, பேருக்குக்கூட ஓர் ஆணி கிடையாது. உத்திரங்களைத் தென்னை நார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் கூரை முனகும், அசையும், முறியாது. நூற்றுப்பத்து வருஷம் அப்படித்தான் நின்றது.

புயலடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் அறுபது பேர் உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கோயிலைப் பராமரிக்கும் கெலெபி மட்டும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடு உத்திரம் அசையாமல் விறைத்து நின்றது. மரம் பிளக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது. நேர் கீழே அவன் மனைவி ஃபுய்வா உட்கார்ந்திருந்தாள்.

காரணம் அவனுக்கு மட்டுமே தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால், கோயிலின் நூற்றாண்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்த உத்திரத்தின் கயிற்றுக் கட்டு தளர்ந்துபோயிருந்தது. மறுபடி கட்ட ஊரே கூடி ஒரு மாதம் உழைக்க வேண்டும். விருந்தினர் முன்னால் மானம் போய்விடுமே என்று மூன்று இரும்பு போல்ட்டுகளை முடுக்கி, மேலே அழகாகக் கயிறு சுற்றிவிட்டான். அதற்குப் பாராட்டு வேறு வாங்கிக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

"ஐயா, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. இது விழுந்துரும்," என்றான் போதகர் தானியெலாவிடம்.

"ஆணியில்லாத கோயில் விழுமா? பயமா இருந்தா என் பக்கத்துல வந்து உக்காரு."

"இவனுக்குக் கூரைல பூனை ஓடினாலே வயித்தக் கலக்கும்," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"உள்ள இரும்பு இருக்குய்யா. நான்தான் போட்டேன்."

பயத்தில் உளறுகிறான் என்றுதான் நினைத்தார்கள். கெலெபி ஓடிப்போய் ஏணியையும் வெட்டுக்கத்தியையும் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைக்கூடத் தொடாத ஜனங்கள் அவர்கள். போதகர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"கர்த்தரோட நாள்ல, அவர் வீட்டுலயே கத்தியா?"

"அவர் என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும். கைய விடுங்க."

உதறிவிட்டு ஏறினான். தான் சுற்றிய கயிற்றைத் தானே அறுத்தான். துருப்பிடித்த மூன்று போல்ட்டுகள் வெளியே தெரிந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மழைக்குள் ஓடினார்கள்.

ஃபுய்வா கடைசியாக எழுந்தாள். "பத்து வருஷமா என்னை இதுக்கடியிலதான உக்கார வச்ச," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அரைமணி நேரத்தில் கூரை விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளிக்கூடத்தின் ஒரே அறையில் அறுபது பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கெலெபியைச் சுற்றி மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. ஃபுய்வாவும் அவன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.