அவளிடம் கேட்டுச் சொல்

ஈரப் போர்வையின் ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாரம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களுக்குப் போனிலேயே வைத்தியம் சொல்வது அவள் வேலை. கத்துகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், கம்ப்யூட்டருக்குக் கரண்டே கொடுக்காமல் சண்டைக்கு வருகிறவர்கள் என்று எல்லாரிடமும் ஒரே குரலில் பேச வேண்டும். விடுமுறை நாளன்று அவளுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். எதிர்க்கடைக்காரரிடம்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள்.

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அம்மா. அம்மா எப்போதும் காலையில் கூப்பிடுகிறவள், அதுவும் அப்பா நடக்கப் போயிருக்கும் நேரத்தில். இது மதியம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து போனதிலிருந்து இப்படி வேளைகெட்ட வேளையில் அம்மாவின் பெயரைப் பார்த்தாலே அவருக்குத்தான் என்னவோ என்று நினைத்துவிடுவாள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல," என்றுதான் அம்மா ஆரம்பித்தாள். "கம்ப்யூட்டருக்குத்தான்."

அவள் அப்படியே துணிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

முந்தாநாளிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பவில்லையாம். போட்டால் வட்டமாகப் புள்ளிகள் சுற்றுகின்றன, சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்பா முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இல்லாவிட்டால் எழுந்து, வாசலுக்கும் அடுக்களைக்கும் கூண்டுப்புலி மாதிரி நடக்கிறார். குழம்பில் உப்பு கூட என்கிறார், மின்விசிறி சத்தம் போடுகிறது என்கிறார். "நீயாவது ஏதாவது பண்ணுடி. என்னால இவரோட மல்லுக்கட்ட முடியல."

"அவரு கேக்கச் சொன்னாராம்மா?"

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "பக்கத்துலதான் இருக்காரு," என்றாள் குரலைத் தணித்து.

அது பதில் இல்லை, ஆனால் பதில்தான். அவள் கணவனை விட்டுத் தனியே வந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. திட்டவில்லை, வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அவள் போனால் நாளிதழைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஏதாவது கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒரு கட்டத்தில் அவள் போவதையே விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை என்றால் அவருக்கு உயிர். இருவரும் சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாய்வது தெரியாது. ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். காய் நகரும் சத்தம் மட்டும் கேட்கும். "எவ்வளவு அமரிக்கையான பையன்," என்று அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் மெச்சிக்கொள்வார். அந்த அமரிக்கையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவள் அவள். அடித்ததில்லை, குடித்ததில்லை, வெளியே ஒரு கெட்ட பேர் கிடையாது. ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட மறந்தால் பத்து நாள் பேச மாட்டான். தன் தம்பி மனைவியிடம் அவள் ஏதோ சொல்லிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, அது என்னவென்று கடைசிவரை சொல்லாமலே ஒரு மழைக்காலம் முழுக்க வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று கூரையைப் பார்த்து யோசித்தே அவளுக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதற்கு என்று அப்பா கேட்டபோது, "அவரு பேச மாட்டேங்கறாருப்பா," என்றாள். இதெல்லாம் ஒரு காரணமா என்று அப்பா அவளையே பார்த்தார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை.

அப்பா வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்ததும் மாப்பிள்ளைதான். ஊர் பேர் தெரியாத யார் யாரோடோ அதில் சதுரங்கம் ஆடலாம் என்று பழக்கிவிட்டதும் அவன்தான். மகள் பிரிந்து வந்த பிறகு அப்பாவின் மதியங்கள் அந்தப் பெட்டிக்குள்தான் போயின.

"மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடுங்களேன்னேன்," என்றாள் அம்மா. "வேணாம்னுட்டாரு. அவன் எதுக்கு, நம்ம பொண்ணு இருக்காளேன்னு..."

அம்மா இட்டுக்கட்டுகிறாள் என்று தெரிந்தது. இருந்தாலும் அந்தப் பொய்யைக் கேட்க இதமாக இருந்தது. சரி, போனை ஸ்பீக்கரில் போடு என்றாள்.

அவளுடைய ஆபீஸ் குரல் தானாக வந்துவிட்டது. கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது, அதற்கப்புறம் புதிதாக ஏதாவது போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். அம்மா அதை அப்பாவிடம் திருப்பிச் சொன்னாள், அவர் கேட்காத தூரத்தில் இருப்பதைப் போல. அப்பா தொண்டையைச் செருமினார். "கம்ப்யூட்டர் வேகமாகும்னு ஒரு விளம்பரம் வந்துது. அமுக்கினேன்னு சொல்லு."

"ஏதோ விளம்பரமாம். அமுக்கினாராம்."

"கேட்டுச்சும்மா."

வழக்கமான கதைதான். இப்படி அமுக்கியவர்களால்தான் அவள் வயிறு நிறைகிறது. அந்தப் புரோகிராம் உள்ளே புகுந்துகொண்டு, கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் குறுக்கே விழுந்து படுத்துக்கொள்ளும். அதை எழுப்பாமல் கம்ப்யூட்டரை மட்டும் எழுப்ப வேண்டும். அதற்குத்தான் சேஃப் மோட் என்று ஒரு வழி இருக்கிறது. இருந்தே ஆக வேண்டிய நாலு வேலையாட்களை மட்டும் உள்ளே விட்டு, மற்ற எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பது மாதிரி. உள்ளே போய்விட்டால் வேண்டாததைத் தூக்கி எறிந்துவிடலாம்.

புள்ளி சுற்ற ஆரம்பித்ததும் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்கச் சொன்னாள். மறுபடி போட்டு, மறுபடி அதே மாதிரி அணைக்க வேண்டும். பாதி வழியில் அணைத்தால் கெட்டுப் போகாதா என்று அப்பா அம்மாவிடம் கேட்டார், அம்மா அவளிடம் கேட்டாள். ஒன்றும் ஆகாது, இப்படி இரண்டு மூன்று தரம் செய்தால்தான் ஏதோ கோளாறு என்று அதற்கே உறைக்கும் என்றாள். கடைசியில் நீலத் திரை ஒன்று வந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ட்ர... ட்ரபுள்னு ஒண்ணு போட்டிருக்கு. அதானா?"

"அதேதான். அமுக்கச் சொல்லும்மா."

"ட்ரபுளை அமுக்குங்க," என்றாள் அம்மா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தப் பக்கமும் யாரோ மூக்கால் காற்றை விட்டது போலிருந்தது, அம்மாவாகவும் இருக்கலாம்.

அடுத்த திரைக்குப் போவதற்குள் வாசல் மணி அடித்தது. மருந்துக் கடைக்காரர் மாத்திரை கொண்டு வந்திருக்கிறார் என்று அம்மா எழுந்தாள். "இரு, இதோ வந்துடறேன்." போன் மேஜைமேல் பட்டு ஒலித்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு வாசலில் பேச்சுக் குரல், பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்துகொண்டதைப் போல. அம்மா இப்போதைக்குத் திரும்ப மாட்டாள்.

அவள் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. அது உண்மையாகவே சத்தம் போட்டது. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவதும் கேட்டது. இந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டிலில் கூடவே படுத்திருந்த மௌனம். போனை வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. துணி அலச வேண்டும். தோள் வலித்தது. எத்தனை பேரிடம்தான் தானே முதலில் பேசுவது?

ஆனால் யாராவது திரையைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. பழகிய நாக்கு. அப்பா என்று கூப்பிடாமல், யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று இருக்கும், அதற்குள் போக வேண்டும். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்பதைத் தொட வேண்டும். ரீஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் மவுஸ் ஒரு தரம் கிளிக்கென்றது. அவர் செய்துகொண்டிருந்தார்.

"இப்ப நம்பர் போட்டு வரிசையா வரும். நாலை அமுக்கணும்."

ஒரு தட்டல். கம்ப்யூட்டர் கிளம்பக் காத்திருந்தார்கள். பிறகு அப்பாவின் குரல் கேட்டது, மிகவும் கிட்டத்தில். அவள் நினைத்திருந்ததைவிடக் கிழண்டு போயிருந்தது.

"எல்லாம் பெருசு பெருசா இருக்கு. நாலு மூலையிலயும் என்னமோ எழுதியிருக்கு."

"அப்படித்தான் இருக்கும்ப்பா. பயப்படாதீங்க."

அந்த விளம்பரப் புரோகிராமை எங்கே போய்ப் பிடித்து எப்படி நீக்குவது என்று சொன்னாள். அவர், ம், ம் என்றார். நிஜமாகவே நீக்கட்டுமா என்று அது கேட்கிறது என்றார். நீக்குங்கள் என்றாள். போய்க்கொண்டிருக்கிறது, பாதி ஆயிருக்கிறது என்றார். வேறு யாரிடமோ பேசுவது போலவே அந்தக் குரல் இருந்தது. பிறகு, அதே குரலில், இடைவெளி விடாமல் சொன்னார்.

"மொதல்ல அவனுக்குத்தான் போன் பண்ணேன்."

அவள் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எடுக்கல. இப்ப மட்டும் இல்ல, போன வருஷத்துலேர்ந்தே எடுக்கறதில்ல. ஒரு ஆட்டத்துல, அவசரப்பட்டுட்டீங்க மாப்பிளேன்னு சொன்னேன். அதுனாலயா, வேற எதுனாலயான்னு தெரியல. என்ன சொன்னேன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்." மவுஸை எதற்கோ இரண்டு தரம் கிளிக் செய்தார். "உங்கிட்டயும் இப்படித்தான் இருந்தானா?"

எத்தனையோ இரவுகளில் இந்தக் கேள்விக்கு அவள் பதில் தயாரித்து வைத்திருந்தாள். நீளமான பதில்கள். நீங்களும்தானே என்று முடிகிற பதில்கள். இப்போது சோப்பு நுரையில் ஊறிச் சுருங்கிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்ப்பா," என்றாள்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வருத்தமும் தெரிவிக்கவில்லை. முடிந்துவிட்டது என்று திரையில் வந்திருக்கிறது என்றார். அப்படியானால் இனி வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யலாம் என்றாள்.

"இதுலயே ஆட முடியாதா?"

"முடியாதுப்பா. இதுல நெட் வராது. இது ரிப்பேர் பார்க்க மட்டும்தான்."

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. புது மாத்திரை வேறு நிறத்தில் இருக்கிறது, கடைக்காரர் அதேதான் என்று சாதிக்கிறார் என்று அம்மா வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். மேஜையருகே நின்றாள் போலிருக்கிறது. "என்ன, வந்துடுச்சா? யாரு சொன்னா உங்களுக்கு?"

அப்பா மவுஸை ஒரு தரம் கிளிக் செய்தார். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி கிளம்பியது. அந்தச் சின்ன மணியோசை போனில் தெளிவாகக் கேட்டது. அம்மா அப்பாடா என்றாள். அதன் பிறகு அப்பா, தன் பழைய குரலை எடுத்து மாட்டிக்கொண்டு சொல்வது கேட்டது. "மறுபடி இப்படி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு அவகிட்ட கேட்டுச் சொல்லு."

"மறுபடி இப்படி ஆச்சுன்னா..." என்று அம்மா தொடங்கினாள்.

"அம்மா," என்றாள் அவள். உடம்பை அடித்துப்போட்ட மாதிரி அசதி. எழுந்துபோய்ப் படுத்தால் மாலைவரை தூங்கலாம். "நீ சொல்ல வேணாம். போனை அவருகிட்ட குடு."

அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு, மேஜையின் மரத்தின்மேல் போன் மெல்ல நகர்வது கேட்டது. சற்று நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தரையை உரசியபடி அப்பாவின் நாற்காலி முன்னால் வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.