இரும்பு இல்லாமல் ஒரு தடவை

கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் ஆய்வகத்தின் கடைசி மேசையில் கனகாவின் காந்தக் கலக்கி தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். மேலே குடுவை கிடையாது, பக்கத்தில் ஆள் கிடையாது. உள்ளே இருக்கும் காந்தம் மட்டும் 'ம்ம்ம்' என்று யாருக்கோ உம் கொட்டிக்கொண்டிருக்கும். காரணம் பெரிய மர்மமல்ல. கடைசியாக வேலை செய்த அன்று கனகா அதன் சுவிட்சுத் திருகை அணைக்கவில்லை. அவள் செத்து இரண்டு வருடமாகியும் வேறு யாரும் அணைக்கவில்லை. ஏன் சார் அணைக்கவில்லை என்று கேட்டால், சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் சிவக்குமார். வேறு பதில் சொன்னால் வேதியியல் பேராசிரியருக்கு மரியாதை இருக்காது.

அந்த உறுமலுக்குள் அவருக்கு ஒரு குரலும் கேட்கும். "அண்ணே, ஒரே ஒரு தடவ…" அதோடு நின்றுவிடும். மிச்சம் என்ன என்று எவ்வளவு மண்டையைக் குடைந்தாலும் வராது.

ஒரே ஆய்வகத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்ட ஆசிரியர்கள் அவரும் கனகாவும். கார்பனும் ஹைட்ரஜனும் கைகோத்து நிற்கிற பிணைப்பைப் பிரிப்பதுதான் இருவருக்கும் வேலை. "பங்காளிச் சண்டையே தெரியாத குடும்பம்ணே அது. அதுல போயி கலகம் பண்றோம், வெளங்குவோமா?" என்பாள் கனகா. உலகம் அந்தக் கலகத்துக்குப் பல்லேடியம் மாதிரி தங்கத்தோடு போட்டி போடும் உலோகங்களை நம்பியிருந்தது. இவர்கள் வெறும் இரும்பை எடுத்து, அதைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகள் நாலைக் கைகள் மாதிரிப் பொருத்தி, அந்தப் பிணைப்பை உடைத்துக் காட்டினார்கள். ஆடியில் கட்டுரையை அனுப்பினார்கள். ஐப்பசியில் கனகா டெங்கு வந்து ஒன்பதே நாளில் போய்விட்டாள். மார்கழியில் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அவளுடையது. இறந்தவர் என்பதற்கு அடையாளமாகப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குத்துவாள் குறி.

திருவாதவூரில், இன்னொருவர் வயலில் நாற்று நட்ட அம்மாவின் மகள் அவள். வேலைக்குச் சேர்ந்தபோது காபி மேசையில், "எப்படி உள்ள வந்தாங்கன்னு தெரியாதா" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் வாயை அடைத்தது அந்தக் கட்டுரைதான்.

இந்த ஆவணியில் ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் முறைப்படி பதினொரு தடவை செய்தோம், ஒன்றும் நடக்கவில்லை என்று அங்கே ஒரு குழு எழுதியிருந்தது. பத்து வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றது பத்திரிகை. வெள்ளைக்காரனுக்குக் கை ராசி இல்லை என்று சிரித்துக்கொண்டே சிவக்குமார் தானே செய்து பார்த்தார். நடக்கவில்லை. இருபத்துமூன்று தடவை செய்தார். இருபத்துமூன்று தடவையும் நடக்கவில்லை.

"மேடம் மனசு குளிரல சார். அதான் வெளங்க மாட்டேங்குது" என்றார் ஆய்வக உதவியாளர் காசிமாயன். சிவக்குமாரைவிடப் பத்து வயது மூத்தவர்.

"காசிமாயண்ணே, இது கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்டு."

"பேய் என்ன போர்டு பாத்தா உள்ள வரும்?"

ஆயுத பூசைக்காகக் காசிமாயன் ஆய்வகத்தைக் கழுவித் துடைத்தார். அடைத்தே கிடந்த கனகாவின் டிராயரையும் திறந்தார். உள்ளே பாதி தின்ற கடலை மிட்டாய்ப் பொட்டலம், ஒரு ஹேர்பின், ஒரு பெல்லட். பெல்லட் என்பது குடுவைக்குள் போடுகிற, சுண்டுவிரல் நுனியளவு வெள்ளைக் காந்தம். கலக்கி சுற்றினால் அதுவும் உள்ளே சுற்றிக் கரைசலைக் கலக்கும். காசிமாயன் அதை மற்ற பெல்லட்டுகளோடு தட்டில் போட்டுக் கழுவி, தட்டுக்குச் சந்தனமும் வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து வந்த சிவக்குமார் தட்டில் கைக்கு வந்த பெல்லட்டை எடுத்துப் போட்டார். இருபத்துநாலாவது தடவை. மதியம் ஒரு சொட்டு எடுத்து, தகட்டில் வைத்து, புற ஊதா விளக்கின் கறுப்புப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பச்சை வெளிச்சத்தில் மை கொட்டினாற்போல ஒரு புள்ளி. வினை நடந்திருந்தது.

"நாந்தான் சார் வேண்டிக்கிட்டேன்" என்றார் காசிமாயன். "டிராயரத் தொறந்ததும், 'தாயி, சார் பாவம், விட்ரு'ன்னேன். விட்ருச்சு பாருங்க."

சிவக்குமார் குடுவையைக் கவிழ்த்துப் பெல்லட்டை எடுத்தார். ஒரு ஓரத்தில் ஊசியால் கீறிய 'க'. சிவக்குமார் அதைத் திருடிவிடக் கூடாது என்று கனகா போட்ட முத்திரை. அவர் திருடக்கூடியவர்தான். அந்தப் பெல்லட்டே திருட்டுப் பொருள். ஆராய்ச்சி மாணவராக இருந்த இடத்திலிருந்து பேண்ட் பையில் போட்டுக் கொண்டுவந்து, கனகா வேலைக்குச் சேர்ந்த அன்று அசிட்டோனில் தேய்த்து, "புதுசு மாதிரி இருக்கு, வச்சுக்க தாயி" என்று அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்கு முன் ஐந்து வருடம் அந்தப் பெல்லட் பல்லேடியத்தில்தான் குளித்தது.

வெளியே நல்ல வெயில். அவர் ஜன்னலோரம் போய்ப் பெல்லட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த நான்கு நாள் பெல்லட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். புதுப் பெல்லட், இரும்பு: ஒன்றுமில்லை. கனகாவின் பெல்லட், இரும்பு: நடந்தது. கடைசியாக, கனகாவின் பெல்லட்டை மட்டும் போட்டார். இரும்பே இல்லை. கறுப்புப் பெட்டிக்குள் அதே புள்ளி அவரைப் பார்த்தது. அளந்ததில் அறுபது சதவீதம் வினை நடந்திருந்தது.

அப்படியானால் இரும்பு எதையும் உடைக்கவில்லை. பெல்லட்டின் தோலுக்குள் ஒட்டியிருந்த, கண்ணுக்குத் தெரியாத பழைய பல்லேடியம்தான் இத்தனையும் செய்தது. உண்மையைச் சொன்னால் கட்டுரை வாபஸ். முதல் பெயர் கனகா. 'நாங்கதான் அப்பவே சொன்னோமே' என்று காபி மேசை சிரிக்கும். பதில் சொல்ல அவள் இல்லை.

மறுநாள் காலை கோச்சடையில், வீட்டுக்குப் பின்னால் வைகைக் கரையில் போய் நின்றார். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர், அங்கங்கே கொக்கு. பெல்லட் சட்டைப் பையில். ஒரே வீச்சுதான். அப்புறம் மதுரை வெக்கை, தண்ணீரில் உப்பு என்று எதையாவது எழுதிச் சமாளிக்கலாம். கட்டுரை சந்தேகக் கேஸாகவே கிடந்து பிழைத்துக்கொள்ளும். கையை ஓங்கினார்.

"சார், அஸ்தியா கரைக்கிறீங்க?" நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் கேட்டார். "இங்கிட்டுத் தண்ணி ஓடாது சார். கரையாம கெடக்கும். கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போங்க."

சிவக்குமார் கையை இறக்கினார். ஸ்கூட்டரை நேரே திருவாதவூருக்கு விட்டார்.

கனகாவின் தம்பி பீமாராவ் மேலூர் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். அன்று அவனுக்கு விடுமுறை. அம்மா கடைக்குப் போயிருந்தார். சுவரில் கட்டுரையின் முதல் பக்கம் சட்டத்துக்குள் இருந்தது, மாலையோடு. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சிவக்குமார் பெல்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு ஜோக்கும் அடித்தார். பீமாராவ் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தான்.

"அக்கா சாமானோட வந்துச்சுண்ணே. எல்லாம் இங்கிலீசு, கணக்கு. எனக்கு ஒரு எழவும் புரியல. ஓரத்துல தமிழ்ல எழுதுனது மட்டுந்தான் புரிஞ்சுச்சு. உங்ககிட்டக் கேக்கணும்னு ரெண்டு வருசமா நெனப்பு. என்ன சொல்லுவீகளோன்னு கேக்கல."

கட்டுரை அனுப்பியதற்கு முந்தைய நாள் தேதி. கனகாவின் குண்டு கையெழுத்து.

'அண்ணன் கொடுத்த பெல்லட் மேல் சந்தேகமாக இருக்கிறது. இரும்பு இல்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேட்டேன். கட்டுரை போகட்டும் என்கிறார்.'

இரண்டு வருடமாகப் பாதியில் நின்ற வாக்கியம் நடந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது. "அண்ணே, ஒரே ஒரு தடவ இரும்பு இல்லாம போட்டுப் பாத்துருவமே." அதற்குத் தான் சொன்ன பதிலும் சேர்ந்தே வந்தது. "இரும்பு இல்லாம என்னத்தப் போட, சாம்பாரா வைக்கப் போறோம்?" அவளும் சிரித்தாள். அவர் ஜோக்குக்கு எப்போதும் சிரிப்பவள். அன்றைக்கு மட்டுமாவது சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பீமாராவ்தான் பேசினான். "அப்ப அக்கா கண்டுபிடிச்சிருச்சு."

"ஆமா."

"நீங்க கேக்கல."

"கேக்கல தம்பி."

"இத எழுதுவீகளா?"

"எழுதுனா கட்டுரை வாபஸ். சுவத்துல மாட்டுனத…"

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க எழுதுங்க. ஆனா அக்கா சந்தேகப்பட்டுச்சுங்கறத மொத வரியில எழுதணும். கடைசில நன்றின்னு ஒரு மூலையில போடுவாகள்ல, அங்க இல்ல."

அப்படியே எழுதினார். முதல் வரியில் கனகாவின் சந்தேகம், தேதியோடு. இரண்டாம் வரியில் அதைத் தடுத்தது தான் என்பது. நோட்டுப் பக்கத்தின் படத்தையும் சேர்த்தார். ஜோக்கை மட்டும் எழுதவில்லை. அது அவருக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரு சோதனை மிச்சமிருந்தது. பல்லேடியத்தை நீக்கினால் வினை நிற்கிறதா என்று காட்ட வேண்டும். தங்கத்தையும் பல்லேடியத்தையும் கரைக்கிற ராஜதிராவகத்தில் கனகாவின் பெல்லட்டை மூன்று நாள் ஊறப்போட்டார். லேசாக ஏறியிருந்த சாம்பல் நிறம் போய்ப் பால் வெள்ளையாக வந்தது. 'க' மட்டும் போகவில்லை. இரும்பில்லாமல் அந்தப் பெல்லட்டை மட்டும் போட்டு வினையை ஓட்டி, கறுப்புப் பெட்டிக்குள் குனிந்தார்.

காசிமாயன் வாசலிலேயே நின்றார். "என்ன சார், போயிருச்சா?"

முதலில் எதுவும் தெரியவில்லை. தகட்டைச் சாய்த்தார். கீழ் ஓரத்தில், மூச்சு விட்டால் கலைந்துவிடும்போல, மங்கலாக ஒரு புள்ளி. அந்தக் கீறலுக்குள் திராவகம் முழுசாகப் போகவில்லை போலிருக்கிறது.

"இல்லண்ணே. ரெண்டு பர்சென்ட் இருக்கு."

"இருக்கட்டும் சார்" என்றார் காசிமாயன். "தொந்தரவு பண்ணாது."

பீமாராவ் கொடுத்தனுப்பிய நோட்டைத் திறந்து, கனகாவின் குறிப்புக்குக் கீழே சிவக்குமார் தேதி போட்டு எழுதினார்: 'இரும்பு இல்லாமல் பார்த்தேன். நீ சொன்னது சரி. கழுவிய பிறகு இரண்டு சதவீதம்.' அப்போது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வந்தது. கடைசி மேசையில் கலக்கி உறுமியது. அவர் எழுந்து போய்த் திருகின் மேல் கையை வைத்தார். அணைக்கவில்லை. காதைக் கொடுத்து நின்றார். அது வெறும் மோட்டார் சத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்து என்ன சொல்லப்போகிறாளோ என்று, இந்தத் தடவை வாயைத் திறக்காமல், கேட்டுக்கொண்டே நின்றார்.