இரண்டு பக்கமும் பிரித்த சனிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவின் கார் சாவியை வாங்கிக்கொண்டு போகப்போவதாக ஜனீன் சொல்லிவிட்டாள். பெற்ற மகள்தான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. டாக்டர் ஏதோ கேள்வி கேட்டாராம், என் வீட்டுக்காரர் ரெக்ஸுக்கு இது என்ன மாதம் என்று தெரியவில்லையாம். வேலைக்குப் போகாத மனுஷனுக்கு எந்த மாதமாக இருந்தால் என்ன?

"நம்ம போர்ட் பிரீ ஊருல பாதிக் காரு ரிப்பேருக்கு உங்கப்பா கைக்கு வந்து போனதுடி," என்று போனில் கத்தினேன். "சனிக்கிழமை நம்ம வண்டிக்குப் பின் பிரேக் மாத்தப்போறார். ஒத்த ஆளா. மாத்தி முடிச்சுட்டார்னா நீ சாவிப் பேச்சையே எடுக்கக் கூடாது, ஆமா."

"சரிம்மா. அவர் முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றாள். அவள் குரலில் நம்பிக்கை துளியும் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கூரைக்குக் கீழே ரெக்ஸ் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கை விட்டார். வீல் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டுதான் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்த எனக்கு மனசு பூரித்துப்போனது. பாருடி ஜனீன், கண்ணைத் திறந்து பார்!

"என்ன கெழவி, வேவு பாக்குறியா?"

"இல்ல, நீ காருக்கு அடியில செத்துக் கெடந்தா உன் பீரை யார் குடிக்கிறதுன்னு பாக்குறேன்."

"அதுக்குள்ள போய் ரெண்டு சாசேஜ் ரோல் வாங்கிட்டு வா. சாஸ மறந்துடாத."

முனை பேக்கரிக்கு நடந்துபோய் வந்தேன். வந்து பார்த்தால், இரண்டு பக்கத்து பிரேக் டிரம்மும் தரையில் கிடந்தன. டிரம்முக்குள் இருந்து பிரேக் பிடிக்கும் ஷூவும் ஸ்பிரிங்கும், இரண்டு பக்கத்ததும், ஒரே துண்டின்மேல் குவியலாகக் கிடந்தன.

பின் பிரேக்கில் ஒரு பக்கத்தைப் பூட்டி முடிக்காமல் யாரும் மறுபக்கத்தைத் தொட மாட்டார்கள். பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத்தானே பிரித்த பக்கத்தைப் பூட்ட வேண்டும்? எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று வேறு யார் வந்து சொல்வார்கள்? கற்றுக்குட்டி கூடச் செய்யாத தப்பு. ரெக்ஸ் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் ஏன்யா பிரிச்ச?"

"நானா பிரிச்சேன்? எவனோ முட்டாப்பய பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"நகரு, நான் பூட்டுறேன்," என்று சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். இந்த வேலைக்கு எத்தனையோ தடவை டார்ச் பிடித்திருக்கிறேன். பிடித்து என்ன பிரயோஜனம்? பாவி, ஸ்பிரிங்கைப் பார்க்காமல் அவர் முகத்தையே அல்லவா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே மாட்டினால் கீழே கழன்றது. நழுவிய ஸ்பிரிங் விரலைக் கிழித்தது.

பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பூட்டிவிட்டு, ரெக்ஸ்தான் செய்தார் என்று ஜனீனிடம் சாதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சாதிக்கலாம். அப்புறம் இந்த மனுஷன் எதையாவது மறந்துவிட்டு ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவார். எவளோ ஒருத்தி பிள்ளையோடு குறுக்கே வருவாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை.

ரெக்ஸ் எழுந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கராஜில் வேலை பார்த்த காலத்தில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிறபோது வைத்துக்கொள்ளும் அதே பொறுமையான முகம்.

"அழாதீங்கம்மா," என்றார். "வண்டி இன்னிக்கு ஆகாதுங்க. எங்க ஆளு ஒருத்தன் குளறுபடி பண்ணிட்டான், மன்னிச்சுக்கங்க. உங்களக் கூட்டிட்டுப் போக வீட்டுக்காரர் வருவாரா?"



"வருவாருங்க," என்றேன். "அவர் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"தாராளமா இருங்க," என்று சொல்லி, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைத் துடைத்து எனக்குப் போட்டார்.