நாலாம் ஆள்

கோமு அழுவாள் என்றுதான் ஊர்க்காடு கிராமத்தில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறவள், அதுவும் நாலு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள், ஒரு பாட்டம் அழாமலா வண்டி ஏறுவாள் என்று நாலைந்து பெண்டுகள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து நின்றது வாஸ்தவம். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூத்தவள் ஆவுடையை வண்டிக்குள் தூக்கி விட்டுவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று ஒருத்தி முனகியது அவள் காதிலும் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும், ஊர் வாயை மூட உலைமூடிக்கு எங்கே போவது?

அழுத்தமும் இல்லை, தைரியமும் இல்லை. மரத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால், கால் நம்முடையதுதானா என்று சந்தேகம் வருமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது அவளுக்கு.

நடந்தது இதுதான். அவள் புருஷன் ஞானசம்பந்தனுக்குக் கொழும்பில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. இத்தனை வருஷமாக அவன் மட்டும் போவான், வருவான். இந்தத் தடவை வீடு பார்த்து வைத்துவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிப்போக வந்திருந்தான். அவன், கோமு, ஆறு வயசு ஆவுடை, நாலு வயசுப் பையன் குத்தாலம், ஆக நாலு பேர். கைப்பிள்ளை ஆள் கணக்கில் சேராது. ரயில்காரனும் சேர்க்கமாட்டான், கப்பல்காரனும் சேர்க்கமாட்டான்.

புறப்படுகிற அன்றைக்கு விடியக்காலம் கோமு ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்தாள். ஓரகத்தி சொர்ணாம்பாள், அதாவது ஞானசம்பந்தனின் அண்ணன் தாணுமாலையன் பெண்டாட்டி, நடையிலேயே வழிமறித்தாள். குத்தாலத்துக்கு மேல் காய்கிறது, வந்து பார் என்றாள். கோமு போய்த் தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள். சுட்டது.

அப்புறம் எல்லாம் ஆம்பிளைகள் பேச்சு. தூத்துக்குடியில் கப்பல் ஏறுமுன் டாக்டர் சோதனை உண்டு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கண்டால் குடும்பத்தையே தடுத்துக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். முதலாளி அதுவரை வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? பிள்ளை இங்கே இருக்கட்டும், குணமானதும் தோதான ஆள் பார்த்து அனுப்பிவைக்கிறேன் என்று தாணுமாலையன் சொன்னார். சரி அண்ணாச்சி என்றான் தம்பிக்காரன். அவன் அண்ணன் முன்னால் வேறு எதைச் சொல்லியிருக்கிறான், தலையாட்டித் தம்பிரான்! கோமுவை யாரும் கேட்கவில்லை. பிள்ளையை எழுப்ப வேண்டாம், எழுப்பினால் காலைக் கட்டிக்கொண்டு அழுவான் என்றாள் சொர்ணாம்பாள். அதனால் எழுப்பவும் இல்லை.

"மூணு பேராவா புறப்படுதீய? ஆகாதே" என்று சொல்லிக்கொண்டே சொர்ணாம்பாள் உள்ளே போனாள். மஞ்சள் துணியில் சுற்றின ஒரு கல்லைக் கொண்டுவந்து கோமுவின் மடியில் கட்டிவிட்டாள். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் விளங்காது. ஒரு கல்லை நாலாம் ஆளாக மடியில் வைத்துக்கொண்டு போய், சேர்ந்த இடத்தில் போட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனாலும் சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சரி, இதுதான் வழக்கம். கோமுவுக்கும் தெரிந்த வழக்கம்தான். பிள்ளை இருந்த இடத்தில் கல்லு என்று மட்டும் ஒரு தடவை நினைத்தாள். அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை.

அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறினார்கள். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், கூஜா, கட்டுச்சோற்று மூட்டை எல்லாவற்றையும் ஞானசம்பந்தன் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தான். சாமானை எண்ணத் தெரிகிறது அவனுக்கு. ஆவுடைக்கு ரயில் புதுசு. சன்னலை விட்டு நகரமாட்டேன் என்றாள், கரித்தூள் கண்ணில் விழுந்து கசக்கிக்கொண்டு அழுதாள், அழுகை ஓய்ந்ததும் மறுபடியும் சன்னலுக்கே போனாள். சேரமாதேவி வரை ஆறு கூடவே வருவதும் மறைவதுமாக இருந்தது. கைப்பிள்ளை முட்டி முட்டிப் பால் குடித்தது. குடிக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் கோமுவுக்குத் தெரிந்தது.

திருநெல்வேலியில் இறங்கி வேறு வண்டி மாறி, மணியாச்சியில் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருந்தார்கள். காற்று புழுதியை அள்ளி அள்ளி மேலே கொட்டியது. ஒரு வேப்பமரத்து நிழலில் பாயை விரித்து, கோமு கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தாள். ஞானசம்பந்தன் கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

மிளகாய்ப்பொடி தடவின தோசை புருஷனுக்கும் அவளுக்கும் ஆவுடைக்கும். கடைசியாக ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரித்தாள். சீனி தடவின தோசை. குத்தாலத்துக்கு உறைப்பு ஆகாது. விடியுமுன் எழுந்து அவனுக்கென்று சுட்டு மடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கோமு உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடைக்குத் தெரிந்திருந்தது. அம்மா மடியிலிருந்த கல்லை உருவி, துணியை அவிழ்த்துப் பாயில் வைத்தாள். தோசையில் ஒரு துண்டைக் கிள்ளி அதன் முன்னால் போட்டு, தின்னுலே தம்பி என்று கொஞ்சினாள். உருண்டையான, வழுவழுப்பான, கோழிமுட்டை அத்தனை பெரிய ஆற்றுக் கல். அதை விட்டுவை, சாமி காரியம் என்று கோமு சும்மா ஒப்புக்குச் சொன்னாள்.

"இது நான் எடுத்த கல்லும்மா" என்றாள் ஆவுடை. "அமாவாசைக்குப் பெரியம்மைகூடப் பாவநாசம் போனேன்லா, அப்ப எடுத்தது. உருண்டையாப் பாத்து எடு, உங்கம்மைக்குக் கொழும்புக்குப் போகையில மடியில கட்டிவிடணும்னு பெரியம்மை சொன்னாவ."

கோமு கிள்ளின தோசையை வாயில் வைக்காமல் அப்படியே இருந்தாள். அமாவாசை போய் வளர்பிறை முக்கால்வாசி கழிந்துவிட்டது. அமாவாசையன்று குத்தாலம் வீட்டில் குதித்துக்கொண்டிருந்தான். நாலு பேர் போகிறோம் என்றுதான் அன்றைக்கு வீட்டில் பேச்சு. நாலு பேருக்குக் கல் எதற்கு?

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆற்றில் முங்கிவிட்டு வந்த கை, விறைத்துப்போன கை. அந்தக் கையால் யாரைத் தொட்டாலும் சுடத்தானே செய்யும்? ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து பிள்ளைகளைத் தொட்டு எழுப்புகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குப் பார்த்துத் தோன்றவில்லை. காய்ச்சல் என்று ஒருத்தி சொன்னதும் கையும் காய்ச்சல் என்றே சொல்லிவிட்டது.

ஞானசம்பந்தன் தண்ணீரோடு வந்தான். கோமு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"குத்தாலத்துக்கு மெய்யாவே காய்ச்சல் இருந்துதா அத்தான்?"

அவன் கூஜா மூடியைத் திருகினான், திறந்தான், மறுபடியும் திருகினான். லேசாகக் கதகதப்பாக இருந்ததாக மதினிதான் சொன்னாள் என்றான். பிறகு பைய உட்கார்ந்து, எல்லாவற்றையும் கக்கிவிட்டான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, இனி உண்டாகும் என்கிற நம்பிக்கையும் இல்லை. தகப்பன் போன பிறகு தன்னை ஆளாக்கினவர் அவர். வந்த மறுநாளே, ஒரு பிள்ளையைக் குடு தம்பி, கொள்ளிபோட ஆள் வேணும்லா என்று கேட்டார். தனக்கு மூன்று இருக்கிறதே, எந்த வாயால் மாட்டேன் என்பது? குத்தாலம் அங்கே ராசா மாதிரி வளர்வான். முன்னாலே சொல்லியிருந்தால் நீ புறப்பட்டிருக்கமாட்டாய்.

"அப்ப அவன் நம்மகிட்ட வரமாட்டான்" என்றாள் கோமு.

"வருசா வருசம் போய்ப் பாப்போம், கோமு."

அவள் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. தலையில் அடித்துக்கொண்டு கூப்பாடு போட்டிருந்தால் அவனுக்குப் பயமாக இருந்திருக்கும். பேசாமல் இருந்தது அவனுக்குத் தெம்பாகிவிட்டது. பொம்பிளை ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து, ஐயா தோசையைப் பிட்டுத் தின்னவும் ஆரம்பித்தார். கட்டினவள் வாய்மூடி இருந்தால் சம்மதம் என்று எந்த மடையன் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தானோ! கோமு கல்லை எடுத்துத் துடைத்து, துணியில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டாள்.

தூத்துக்குடி வண்டியில் கரிசல் காடும் உடைமரமுமாகக் கண்ணுக்கு முன் ஓடியது. கடைசியில் உப்பளம் வந்தது. எது வந்தும் அவளுக்கு ஒன்றுதான். சொர்ணாம்பாள் மேல் கோபம் வர வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. வரவில்லை. அமாவாசையன்று தண்ணீரில் நின்றுகொண்டு, தன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்காகக் கல் எடுக்கச் சொன்னவள் அதற்கு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள் என்றுகூட நினைக்க முடிந்தது. ஆனால் குத்தாலம் இந்நேரம் எழுந்திருப்பான். எழுந்து ஒவ்வோர் அறையாகத் தேடியிருப்பான். அடுப்படியில் தேடி, தொழுவத்தில் தேடி, பிறகு ஆற்றுக்குப் போயிருக்கிறாள் என்று தானாகவே முடிவுகட்டி வாசல்படியில் உட்கார்ந்திருப்பான். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுபோகும். மறுபடியும் முதலிலிருந்து எழுந்திருப்பான், தேடுவான்.

துறைமுகத்தில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், அக்குளைத் தொட்டுப் பார்த்தார். ஆவுடை கூச்சத்தில் நெளிந்தாள். கோமுவின் கையைப் பிடித்தவர், ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது என்று கேட்டார். காலையிலிருந்தே அப்படித்தான் என்றாள். காய்ச்சல்காரர் யாரும் இல்லை என்று குடும்பத்தை விட்டுவிட்டார்கள்.

கப்பல் எங்கோ தூரத்தில் நின்றது. கரையோரம் ஆழம் போதாது என்று படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். படகுக்காரர் மத்தியாஸ், கழுத்தில் சிலுவைக் கயிறு போட்ட வயசாளி, ஒவ்வோர் ஆளாகக் கைபிடித்துப் படகில் இறக்கினார். பெட்டியும் பாயும் இறங்கின. ஞானசம்பந்தன் இறங்கி, ஆவுடையைத் தூக்கிக் கொடு என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

கோமு மடியை அவிழ்த்தாள். மஞ்சள் துணியோடு கல்லை எடுத்து, நீட்டின கையில் வைத்தாள்.

"இது என்னத்துக்கு? போய்ச் சேர்ந்து போடணும்" என்றான்.

"நீங்க கொண்டுட்டுப் போங்க. நாங்க வரலை. நான் ஊருக்குப் போயி அவனைக் கூட்டிக்கிட்டு அடுத்த கப்பலுக்கு வாறேன்."

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசம்பந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது. பெண்பிள்ளை தனியாக ரயிலில் போவதா, ஊர் என்ன சொல்லும் என்றான். வாக்குக் கொடுத்தாயிற்றே என்றான். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி முகத்துல நான் எப்படி முழிக்க, கோமு?"

"நீங்க முழிக்க வேண்டாம். நான் முழிச்சுக்கிடுதேன்."

மத்தியாஸ் இருவரையும் பார்த்தார். அலை நிற்கிறபோதே தள்ளணும், ஏறுகிறதானால் ஏறுங்கள் தாயே என்றார். கோமு இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாள். படகு நகர்ந்தது. ஞானசம்பந்தன் குதித்துக் கரையேறியிருக்கலாம்; கைக்கெட்டுகிற தூரம்தான். அவன் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லாதவன், மண்டி முதலாளிக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஒன்று செய்தான், அதையும் சொல்ல வேண்டும். இடுப்பிலிருந்த பணப்பையை அவிழ்த்து அவள் காலடியில் விழும்படி எறிந்தான். கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கரையைப் பார்க்கிறதா கப்பலைப் பார்க்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்து போனான்.

கோமு பையை எடுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். படகுத்துறைப் பாலத்துப் பலகை வெயிலில் கொதித்தது, பாதத்தைச் சுட்டது. நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததும் அழுகையும் வந்தது. அண்ணன்காரர் கதவை அடைப்பார், ஓரகத்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு விழுவாள், தெரு கூடும். எல்லாம் தெரிந்துதான் அழுதாள். அழுதுகொண்டே ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தாள்.

ஆவுடை புடவையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

"அம்மா, இப்ப நீயும் நானும் ரெண்டு பேரு. தம்பியைக் கூட்டிட்டு வாறப்போ மூணு பேராயிருமே? கல்லை அப்பாகிட்டக் குடுத்துட்டியே?"

கோமு நின்றாள். இடுப்பில் கைப்பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து யாரும் அதைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை.

"ஏட்டி, இவ ஆளு இல்லையா?" என்றாள் கோமு. "நானு, நீ, குத்தாலம், ஞானம்பா. எண்ணிப் பாரு."

ஆவுடை ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது.