பாதிக் கடனுக்கு முழு மனை

நோட்டரி க்லெம் பத்திரம் படிக்க உட்கார்ந்தால் நடுவில் மூச்சு விடுகிறாரா என்பதே சந்தேகம். எதிரில் இருப்பவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு சொல் விடாமல் வாய்விட்டுப் படித்தாக வேண்டும், சட்டம் அப்படி. மொத்தம் இருபத்தேழு பக்கம். ஹைட்ரூனுக்கு அதில் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றித்தான் கவலை. பதினொன்றாம் பக்கம்.

பக்கத்தில் அவள் கணவன் எக்கார்ட் ஷாய்ஃபெலே, கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தான் தெறித்துவிடுமோ என்று வயிற்றை எக்கியபடி இருந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் வீப்கே தியாடன். அவள் ரயில் ஓட்டுகிறவள். நாலு மணி வண்டிக்குப் போக வேண்டும் என்று சீருடையிலேயே வந்திருந்தாள். வடக்கே கடலோரத்துக்காரி, இரண்டு பெண் குழந்தைகள், கணவன் என்று யாரும் இல்லை. ஹைட்ரூனுக்கு அவளைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். மொத்தமே நாலு முறைதான் சந்தித்திருக்கிறார்கள்.

அவர்களைச் சேர்த்து வைத்தது நகராட்சி அலுவலகம். இரட்டை வீடு கட்டுவதற்கான மனை, ஐந்நூற்று நாற்பது சதுர மீட்டர், ரயில் பாதையை ஒட்டியபடி இருந்ததால் கொஞ்சம் மலிவு. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வந்தால்தான் விற்போம் என்றார்கள். காத்திருந்தவர்கள் பட்டியலில் ஹைட்ரூன் குடும்பத்தின் பெயருக்குக் கீழே இருந்த பெயர் வீப்கேயுடையது, வேறு காரணம் ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இதைவிட நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள்.

"ரயில் ஓட்டறவங்க ஆச்சே, அதான் அஞ்சு நிமிஷம் லேட்டு" என்று முதல் சந்திப்பிலேயே எக்கார்ட் அவளைச் சீண்டினான்.

"நான் அங்கேர்ந்து நேரத்துக்குத்தான் கிளம்பினேன். உங்க ஊர்தான் தள்ளிப் போய் உக்காந்திருக்கு" என்றாள் வீப்கே, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வடக்கத்திக்காரர்களுடைய வேடிக்கைப் பேச்சு தெற்கே இருக்கிற எங்களுக்கு மறுநாள்தான் புரியும். எக்கார்டுக்கு இரண்டு நாள் ஆனது.

அன்று மூவரும் மனையைப் போய்ப் பார்த்தார்கள். முள்புதரும் ஈரமண்ணும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஹைட்ரூனுக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. அவளுடைய அப்பா வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டில் செத்தவர். அவளுக்குப் பதினாறு வயதானபோது வீட்டுச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கையில் கொடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்க்கிற வேலையின் சம்பளத்திலிருந்து இருபத்துநாலு வருஷமாக மாதம் தவறாமல் அதில் போட்டுவந்திருக்கிறாள். மூன்றாவது மாடி வாடகை வீட்டில், இந்த வாரம் படிக்கட்டைக் கூட்ட வேண்டியது யார் என்று கதவில் தொங்கும் அட்டைக்குப் பயந்து வாழ்ந்தவள். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். இதற்குக் கீழேயும் நம்முடையதுதானா, எவ்வளவு ஆழம் வரைக்கும் நம்முடையது என்று நினைத்தபோது அவளுக்குத் தலை சுற்றியது.

சரியாகச் சொன்னால், அந்தப் பிடி மண் முழுக்க அவளுடையது இல்லை. வீடு எழும்பி, நடுச்சுவர் எங்கே நிற்கிறது என்று அளந்த பிறகுதான் மனையை இரண்டாகப் பிரிப்பார்கள். அதுவரை ஒவ்வொரு பிடியும் பாதி அவளுக்கு, பாதி வீப்கேவுக்கு.

சிக்கலே அங்கேதான். அது 2009, ஏற்றுமதி படுத்துப் போயிருந்த வருஷம். எக்கார்ட் வேலை பார்த்த இயந்திரத் தொழிற்சாலையில் மார்ச் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். கடனுக்கு உங்கள் பாதியே பிணையாகப் போதும் என்று சொல்லியிருந்த வங்கி, அதைக் கேட்டதும் குரலை மாற்றிக்கொண்டது. மனை பிரிகிறவரை முழு மனையும் பிணையாக வேண்டும், வீப்கேயின் பாதியும் சேர்த்து. வீப்கேவோ அப்பாவின் மீன்பிடிப் படகை விற்ற பணத்தில் தன் பாதியை வாங்குகிறாள். அவளுக்கு ஒரு சென்ட் கடன் கிடையாது.

"அவங்ககிட்ட போய் விஷயத்தைச் சொல்லிடலாம்" என்றாள் ஹைட்ரூன், சமையலறையில்.

"என்னன்னு? எங்க வீட்டுக்காரருக்கு வேலை ஆட்டம் கண்டுடுச்சு, அதனால உங்க அப்பா படகையும் சேர்த்து அடமானம் வைக்கறோம்னா? கேட்ட நிமிஷமே எழுந்து போயிடுவா."

"பத்திர நகல்ல அவங்க பாதியும் பிணைன்னு எழுதியிருக்கே. நகல் அவங்களுக்கும் போயிருக்கு."

"இருபத்தேழு பக்கத்தை எவ படிக்கறா? நான் படிச்சேனா? நோட்டரி வாசிக்கறப்போ யாரு கேட்டிருக்கா? எங்க அண்ணன் வீடு வாங்கறப்போ குறட்டையே விட்டான். அது பாட்டுக்குப் போயிடும் ஹைட்ரூன். அவ கேக்கல, நாமளா சொல்ல வேணாம்."

ஹைட்ரூனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு பிடி மண்ணின் ஈரம் கையைவிட்டுப் போகமாட்டேன் என்றது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள்.

இப்போது க்லெம் பத்தாம் பக்கத்தைப் புரட்டினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "...மேற்படி பிணையானது இணை உரிமையாளர் வீப்கே தியாடனின் பங்கையும் உள்ளிட்டு மனை முழுவதையும் கட்டுப்படுத்தும்..."

அத்தோடு படிப்பதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நிறுத்துவார் என்று எக்கார்டின் அண்ணன் சொல்லியிருக்கவில்லை. குறட்டை விட்டவனுக்கு எப்படித் தெரியும்?

"ஃப்ராவ் தியாடன்" என்று மரியாதைச் சொல்லோடு அழைத்தார். "இந்த இடத்தைப் புரியற மாதிரி சொல்ல வேண்டியது என் கடமை. இவங்க கடனுக்கு உங்க பாதியும் பொறுப்பு. இவங்க கட்டலைன்னா பேங்க் முழு மனையையும் ஏலம் விடலாம். நீங்க போட்ட காசும் போயிடும். பதிலுக்கு உங்களுக்கு எதுவும் கிடைக்கல. தெரியுமில்ல?"

"தெரியும். மூணு தடவை படிச்சேன். மனை பிரியறவரைக்கும்தானே" என்றாள் வீப்கே.

எக்கார்ட் மேஜைக்கு அடியில் ஹைட்ரூனின் காலை லேசாகத் தட்டினான். தப்பித்தோம் என்று அர்த்தம். க்லெம் கண்ணாடியை மறுபடி மாட்டினார். ஹைட்ரூன் வீப்கேயின் கையைப் பார்த்தாள். அந்தக் கை பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று தடவை படித்தவள். எல்லாம் அறிந்துதான் கையெழுத்துப் போடுகிறோம் என்று நம்பிக்கொண்டு இருக்கிறவள். அவளுக்குத் தெரியாத ஒரே விஷயம் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"படிக்காதீங்க" என்றாள் ஹைட்ரூன். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "ஃப்ராவ் தியாடன், எக்கார்டுக்கு மார்ச்லேர்ந்து வாரத்துல மூணு நாள்தான் வேலை. பேங்க் முதல்ல எங்க பாதி போதும்னுதான் சொல்லிச்சு. இது தெரிஞ்சதும்தான் உங்களோடதையும் கேட்டுது. உங்ககிட்ட மறைச்சுட்டோம். சொன்னா போயிடுவீங்கன்னு பயம்."

எக்கார்ட் மேஜையின் மரத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அதையே படித்துக்கொண்டிருந்தான்.

"இது நகல்ல இல்ல" என்றாள் வீப்கே, மெதுவாக.

"இல்ல."

"மூணு தடவை படிச்சேனே." முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றார் க்லெம்.

வீப்கே எழுந்து ஜன்னலிடம் போனாள். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்றே ஹைட்ரூன் நினைத்தாள். ஆனாலும் இரண்டு வாரமாக மறைத்துவைத்திருந்தது வெளியே வந்துவிட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது. வீப்கே திரும்பாமலே கேட்டாள்:

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"ஹெர் ஷாய்ஃபெலே, உங்ககிட்ட?"

"சத்தியமா இல்ல" என்றான் எக்கார்ட். காது இரண்டும் சிவந்து கிடந்தன. "மறைக்கச் சொன்னது நான்தான். அவ இல்ல."

வீப்கே திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பத்தொன்பது வருஷமா ரயில் ஓட்டறேன். பின்னால அறுநூறு பேர் உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்தது கிடையாது. நான் ஒழுங்காத் தூங்கினேனா, எனக்குக் கண்ணு தெரியுதா, எவரும் கேட்டதில்ல. ஏறி உக்காந்ததும் வாயைப் பொளந்துட்டுத் தூங்கறாங்க. எந்த தைரியத்துல தூங்கறாங்கன்னு சில நாள் எனக்கே பயமா இருக்கும்." நாற்காலியை மேஜையிலிருந்து இழுத்தாள். "எனக்குக் கோவம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு வாயத் தொறந்து சொல்ற டிரைவரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அப்படிச் சொல்றவங்க பின்னால உக்காரலாம்."

அவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

"அப்புறம், ஹெர் ஷாய்ஃபெலே. வாரத்துல ரெண்டு நாள் சும்மாதானே இருக்கீங்க?"

"சும்மான்னு..." என்று இழுத்தான் எக்கார்ட்.

"அந்த ரெண்டு நாளும் என் பக்கத்துச் செங்கல்லும் உங்க தலையிலதான்."

வீடு கட்டுகிறவன் தன் கையால் செய்யும் வேலையையும் எங்கள் ஊர் வங்கிகள் பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். உடம்பை அடமானம் வைப்பது என்று அதைச் சொல்வார்கள். எக்கார்ட் தலையாட்டினான். "நடுச்சுவர எப்படியும் நான்தானே கட்டணும். அந்தப் பக்கமும் ஒரு எட்டு வெச்சாப் போச்சு."

"இதைப் பத்திரத்துல சேர்க்கணுமா?" என்று கேட்டார் க்லெம்.

"வேணாம்" என்றாள் வீப்கே. "அதையும் நீங்க வாசிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு மணி வண்டி போயிடும்."

இந்த முறை எக்கார்டுக்கு உடனே புரிந்தது. அவன் சிரித்த சிரிப்பில் கோட்டுப் பொத்தான் தெறித்து மேஜைக்கு அடியில் ஓடியது.

மீதிப் பதினாறு பக்கத்தையும் ஹைட்ரூன் ஒரு சொல் விடாமல் கேட்டாள். மனை எண், தெற்கெல்லை, வாய்க்கால், பாதை உரிமை. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் அப்பாவின் படகைத் தூக்கி இவர்கள் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து மணி பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்ற மலைப்பு ஹைட்ரூனுக்குக் கடைசிப் பக்கம்வரை தீரவில்லை. கையெழுத்துப் போடும்போது தன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, மேலே செருகினாள்.

மாடிப்படியில் இறங்கும்போது, மூத்தவர்தான் முதலில் 'நீ' என்று பேச அழைக்க வேண்டும் என்ற முறைப்படி, மூன்று வயது மூத்த ஹைட்ரூன் கையை நீட்டினாள். "இனிமே நீ, வான்னே பேசிக்கலாம். நான் ஹைட்ரூன்."

"வீப்கே" என்று கையைக் குலுக்கிவிட்டு அவள் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. எக்கார்டுக்கு வேலையில்லாத நாள்; ஹைட்ரூனும் கடைக்கு லீவு போட்டிருந்தாள். இருவரும் மனையில் முள்புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வளைவில் ரயில் வருகிற சத்தம் கேட்டது. முன்விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது.

"வீப்கே!" என்று எக்கார்ட் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

ஹைட்ரூனும் கையைத் தூக்கினாள். ஆனால் எஞ்சின் கடந்துபோய்விட்டது. அதன் பின்னால் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு ஜன்னலில் ஒரு கிழவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்ததில் ஒரு தாய் குழந்தைக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் பாடப் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கிடந்தான். ஒருவர்கூட முன்னால் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. கடைசிப் பெட்டி போய், தண்டவாளத்தின் அதிர்வு காலடி மண்ணில் அடங்குகிறவரை ஹைட்ரூன் தூக்கிய கையை இறக்கவில்லை.

"என்ன அப்படியே நின்னுட்டே?" என்றான் எக்கார்ட்.

"நம்ம பின்னாலயும் ஒருத்தி உக்காந்திருக்கா எக்கார்ட்."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு அரிவாளை எடுத்தான்.

"அடுத்து எங்கேர்ந்து வெட்டட்டும்?"

"அவ பக்கத்துலேர்ந்து."

"இன்னும் பக்கமே பிரியலையேடி."

"இந்த வேலிலேர்ந்து அந்த வேலி வரைக்கும் வெட்டு" என்றாள் ஹைட்ரூன்.