சொந்த விருப்பத்தின் பேரில்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில், தன்னைத் தாண்டி ஒரு தொழிலாளியைக்கூட வேலையை விட்டு அனுப்ப முடியாது என்று எச்.ஆர். அதிகாரி தரணீதரன் அறிவித்திருந்தார். ஊரடங்கில் யாரையும் நீக்கக் கூடாது என்ற அரசு உத்தரவை லேமினேட் செய்து, சானிடைசர் பாட்டிலுக்கு மேலே மாட்டியவரும் அவரே.

அதன் கீழே நின்றுதான் செக்கிங் பிரிவு மயிலாத்தாள், சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"பொய்யின்னு தெரிஞ்சும் போட்டீங்களே! பேனாவைக் கீழ வெச்சிருந்தா என்னங்க பண்ணியிருப்பாங்க?" என்று சிரித்தார் தரணீதரன்.

"நீங்க படிச்சவங்க, வெச்சுப் பாப்பீங்க," என்றாள் அவள்.

மறுநாள் முதலாளி அவரை அழைத்து உட்காரவைத்து, காபியும் வரவழைத்தார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றில் அவர் பெயர். மற்றதில் அதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அவர் மனைவி பிரியங்காவின் பெயர். இரண்டு பேருக்கும் விலகச் சொந்த விருப்பம் இருந்தது.

"ஆர்டரே நின்னு போச்சுங்க தரணி. சட்டப்படி நாங்க யாரையும் நீக்கக் கூடாதுங்களே, நீங்கதான போர்டு மாட்டியிருக்கறீங்க! அதனால நீங்களா விலகிக்கோணும். ரெண்டுல ஒண்ணு போதுங்க. எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

தரணீதரன் பேனாவைக் கீழே வைத்தார்.

யாரும் அவரை ஒன்றும் பண்ணவில்லை. முதலாளி முகக்கவசத்தை இறக்கிவிட்டு, காபியை ஆற்றி ஆற்றி, மெதுவாகக் குடித்து முடித்தார். தாள்கள் இரண்டும் அப்படியே இருந்தன.

தரணீதரன் பேனாவை எடுத்து, தன் பெயர் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார்.